கை இரண்டும் வேலையில் இருக்கும்போது பேசுவது: டெல்டா மாணவர்களுக்கு ஹெலிகாப்டர் ரேடியோ வழிகாட்டி

ஹெலிகாப்டர் பயிற்சிக்குப் போகிறவர்கள் ரேடியோவைத் தரையிலேயே கற்றுக்கொண்டு போய்விட வேண்டும். பறக்கும்போது பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் திண்டாட்டம்தான். சின்ன விமானத்தை ட்ரிம் செய்து (தானாக நேராகப் போகும்படி சரிசெய்து) வைத்துவிட்டால் சில வினாடிகள் கையை எடுக்கலாம். ஹெலிகாப்டரில் வலது கை சைக்ளிக்கில் (சாய்த்துத் திசை கொடுக்கும் குச்சி), இடது கை கலெக்டிவில் (ஏற்றி இறக்கும் நெம்புகோல்), கால் இரண்டும் மூக்கைத் திருப்பும் பெடலில். ஹோவர், அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது, பழகும் ஆரம்ப நாட்களில் மூளை முழுக்க அதிலேயே போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் கூப்பிடும். அப்போது யோசித்து வாக்கியம் அமைக்க நேரம் இருக்காது, வாய் தானாகப் பேச வேண்டும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, அதிலும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு, இங்கிலீஷ் பயம் வேறு சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயம் தேவையில்லை. ரேடியோ மொழியில் இலக்கணம் மிகக் குறைவு. சில டஜன் சொற்றொடர்கள், அவற்றுக்கு ஒரு நிலையான வரிசை, அவ்வளவுதான். கான்வென்ட்டில் படித்து சரளமாகப் பேசுகிறவர்கள் கூடுதலாக நான்கு வார்த்தை பேசி மாட்டிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்துக்கு இது ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது மின்கம்பங்களும் செல்போன் கோபுரங்களும் சாய்ந்தன. அப்படிப்பட்ட நாளில் மேலே சுற்றும் ஹெலிகாப்டருக்கும் கீழே இருப்பவர்களுக்கும் நடுவில் ரேடியோ ஒன்றுதான் மிஞ்சும். அந்த வேலைக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் வர வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் காது

பேசப் பழகுவதற்கு முன் கேட்கப் பழகுங்கள். வெளிநாட்டு விமான நிலையங்களின் டவர் உரையாடல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. தினமும் கால் மணி நேரம் போதும். முதல் சில நாட்கள் ஒன்றும் புரியாது, விட்டுவிடாதீர்கள். முழு வாக்கியத்தையும் பிடிக்க முயலாமல் அழைப்புக்குறியை (ரேடியோவில் ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ள பெயர்) மட்டும் பிடியுங்கள். அது பழகியதும் ஓடுபாதை எண், அப்புறம் உயரம். இப்படி ஒவ்வொன்றாகக் காது பிரித்தெடுக்கத் தொடங்கிவிடும். உரிமம் இல்லாமல் விமான அலைவரிசையில் பேசக்கூடிய கைக்கருவி எதையும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலைவரிசை என்பது முறை வைத்துப் பாய்ச்சும் வாய்க்கால் மாதிரி, ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். விமான ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விஎச்எஃப் பட்டையில் ஏஎம் முறையில் இயங்குகிறது. இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் கீச்சென்ற சத்தம்தான் வரும், இரண்டு பேச்சும் கெட்டுப்போகும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அங்கே டவர் "காத்திரு" என்று சொன்ன அதே நொடியில் இன்னொரு விமானமும் பேசியது. கேட்டிருக்க வேண்டிய எச்சரிக்கை அந்தக் கீச்சொலியில் போய்விட்டது. அதனால் அலைவரிசை மாற்றியதும் உடனே பேச ஆரம்பிக்காதீர்கள். சில வினாடி கேளுங்கள். யாராவது டவரிடம் கேள்வி கேட்டிருந்தால் பதில் வந்து முடியும்வரை பொறுங்கள்.

எழுத்தும் எண்ணும்

A-க்கு ஆல்ஃபா, B-க்கு பிராவோ, C-க்கு சார்லி என்று ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக வரும் இருபத்தாறு சொற்களையும் ஒப்பிப்பது எளிது. தலைகீழாகவும் இடையிலிருந்தும் சொல்ல வர வேண்டும். பஸ்ஸில் போகும்போது எதிரே வரும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்துச் சொல்லிப் பழகுங்கள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் நாக்கு நன்றாகப் பழகிவிடும்.

எண்களில் நாலைந்துக்கு உச்சரிப்பே வேறு. மூன்று என்பது ட்ரீ, நான்கு ஃபோ-அர், ஐந்து ஃபைஃப், ஒன்பது நைனர், ஆயிரம் டௌசண்ட். புள்ளிக்கு டெசிமல். இரைச்சலில் ஒன்று இன்னொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பொதுவாக எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். 270 டிகிரி என்றால் டூ செவன் ஸீரோ. முழு நூறு, முழு ஆயிரமாக வரும் உயரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 2500 அடி என்பது டூ டௌசண்ட் ஃபைஃப் ஹண்ட்ரட்.

தமிழ் பேசும் நாக்குக்கு இரண்டு இடங்களில் தனிக் கவனம் தேவை. ஒன்று, சொல்லின் கடைசியில் நாம் சேர்க்கும் உகரம். ஹோல்டு, லெஃப்டு, ரைட்டு என்று வந்தால் ஒவ்வொரு சொல்லும் அரை மாத்திரை நீண்டு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சொல்லை மெய்யெழுத்தில் நிறுத்திப் பழகுங்கள். இன்னொன்று வேகம். பதற்றம் வந்தால் நாம் வேகமாகப் பேசுகிறோம். நிமிடத்துக்கு 100 சொற்களுக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேச விதி. செய்தித்தாளில் 100 சொற்களை எண்ணிக் குறித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் படியுங்கள். நாம் நினைப்பதைவிட அது மெதுவாக இருக்கும்.

நேரம் எல்லாமே யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். காலை 6 மணி என்றால் 0030.

யாரை, யார், எங்கே, என்ன

எந்த அழைப்புக்கும் வரிசை ஒன்றுதான்: யாரைக் கூப்பிடுகிறேன், நான் யார், எங்கே இருக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். இந்த நான்கையும் மனதில் அடுக்கிய பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போக வேண்டும். கல்லணைக்கு மேலிருந்து திருச்சியில் இறங்க வருவதாக வைத்துக்கொள்வோம். அழைப்புக்குறி கற்பனை.

"திருச்சி டவர், விக்டர் டேங்கோ ஜூலியட் கிலோ மைக்."

"விக்டர் டேங்கோ ஜூலியட் கிலோ மைக், திருச்சி டவர், பாஸ் யுவர் மெசேஜ்."

"விக்டர் டேங்கோ ஜூலியட் கிலோ மைக், ஹெலிகாப்டர் ஆர் ஃபார்ட்டி ஃபோர், ஓவர் கிராண்ட் அனிகட், செவன் மைல்ஸ் நார்த் ஈஸ்ட், ஒன் டௌசண்ட் ஃபீட், டூ பெர்சன்ஸ் ஆன் போர்டு, ரிக்வெஸ்ட் ஜாயினிங் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் ஃபார் லேண்டிங்."

இதில் குட் மார்னிங் சார், ப்ளீஸ், கைண்ட்லி எதுவும் இல்லை. மரியாதைக் குறைவோ என்று நம் பிள்ளைகள் தயங்குவார்கள். அடுத்தவருக்கும் பேச இடம் விட்டுச் சீக்கிரம் முடிப்பதுதான் இங்கே மரியாதை. அழைப்புக்குறியையும் நீங்களாகச் சுருக்காதீர்கள். டவர் சுருக்கிக் கூப்பிட்ட பிறகு நீங்களும் சுருக்கலாம்.

இருக்கும் இடத்தைச் சொல்வதுதான் டெல்டாவில் சிரமம். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. வெண்ணாறா, வெட்டாறா, குடமுருட்டியா என்று பழகிய கண்ணுக்கே குழப்பம் வரும். சம்பா நட்டு வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் மாதங்களில் ஆற்றுக்கும் வயலுக்கும் வித்தியாசமே தெரியாது. அதனால் சந்தேகத்துக்கு இடமில்லாத அடையாளங்களை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து, விமான நிலையத்திலிருந்து திசையும் தூரமும் அளந்து வையுங்கள். முக்கொம்பு, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், கல்லணை, அணைக்கரை, கங்கைகொண்டசோழபுரம், வேளாங்கண்ணி, கோடியக்கரை கலங்கரை விளக்கம் எல்லாம் நல்ல அடையாளங்கள். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். டவரில் இருப்பவர் நம் மாவட்டத்துக்காரராக இருக்க வேண்டியதில்லை. திசையும் தூரமும் சேர்ந்தால்தான் அவருக்குப் பயன்படும். தஞ்சாவூரில் இருப்பது விமானப்படைத் தளம் என்பதையும், அந்தப் பக்கம் அனுமதியில்லாமல் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்பதையும் வரைபடத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். பறப்பதற்கு முன் வாங்க வேண்டிய எஃப்ஐசி (விமானத் தகவல் மையம்) எண்ணையும் ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் (வான் பாதுகாப்பு அனுமதி) எண்ணையும் தொடையில் கட்டிக்கொள்ளும் முழங்கால் பலகையின் மேல் மூலையில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டால் தேட நேரமிருக்காது.

திருப்பிச் சொல்வது

டவர் சொல்லும் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. சிலவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: ஓடுபாதையில் நுழைய, கடக்க, இறங்க, ஏற, அதற்கு முன் நிற்கக் கிடைத்த எந்த உத்தரவும், ஓடுபாதை எண், க்யூஎன்எச் (உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்த எண்), ட்ரான்ஸ்பாண்டர் (ராடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் கருவி) குறியீடு, உயரம், திசை, வேகம். காற்று விவரத்துக்கு ரோஜர் போதும். ரோஜர் என்றால் கேட்டது என்றுதான் பொருள். ஆம் என்பதற்கு அஃபர்ம், இல்லை என்பதற்கு நெகட்டிவ், செய்கிறேன் என்பதற்கு வில்கோ, முடியாது என்பதற்கு அனேபிள். இந்தக் கடைசிச் சொல்லைச் சொல்ல மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். பாதுகாப்பில்லை என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். புரியாவிட்டால் ஸே அகெய்ன். புரிந்த மாதிரி ரோஜர் போடுவதைவிட மூன்று முறை ஸே அகெய்ன் கேட்பது நல்லது.

டேக்-ஆஃப் என்ற சொல்லுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. டெனரீஃபுக்குப் பிறகு, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதைத் திருப்பிச் சொல்லும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே அதைப் பயன்படுத்துகிறார்கள். மற்ற நேரங்களில் டிபார்ச்சர். "ரெடி ஃபார் டிபார்ச்சர்" என்று சொல்லிப் பழகுங்கள்.

ஹெலிகாப்டருக்கென்று தனிச் சொற்களும் உண்டு. தரையை ஒட்டி மெதுவாக மிதந்து போவதற்கு ஏர்-டாக்ஸி என்று கேட்க வேண்டும். டவர் அனுமதி தரும்போது தூசி, ஆட்கள், சின்ன விமானம் என்று எச்சரிக்கையும் சேர்த்துத் தருவார்கள். ரோட்டார் (மேலே சுழலும் இறக்கை) காற்றில் எல்லாம் பறக்கும் என்பதால் அதைக் கவனமாகக் கேளுங்கள்.

இந்தப் பாடத்துக்கு வீட்டிலேயே ஆள் உண்டு. பாபநாசம் பக்கத்து மாணவி ஒருத்தி பள்ளிக்கூடம் போகும் தம்பியைத் திண்ணையில் டவராக உட்கார வைத்துவிட்டாள். அவன் கையில் அவள் எழுதிக் கொடுத்த தாள், ஒவ்வொரு உத்தரவிலும் திருப்பிச் சொல்ல வேண்டியவற்றுக்கு அடிக்கோடு. அவள் முற்றத்தில் நடந்துகொண்டே பதில் சொல்வாள். நான் போயிருந்தபோது தாளிலிருந்து தலையைத் தூக்காமலே அவன், "அக்கா, க்யூஎன்எச்சை முழுங்கிட்ட, திரும்பச் சொல்லு" என்றான். அவனுக்கு க்யூஎன்எச் என்றால் என்னவென்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. விட்டதைப் பிடிக்க அடிக்கோடு போதும்.

கையும் பொத்தானும்

புத்தகங்களில் அதிகம் வராத விஷயம் இது, மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான். பேசும் பொத்தான் சைக்ளிக்கில், சுட்டுவிரலுக்கு அடியில் இருக்கும். பல ஹெலிகாப்டர்களில் அதற்கு இரண்டு படி உண்டு. பாதி அழுத்தினால் பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளருக்கு மட்டும் கேட்கும், முழுதாக அழுத்தினால் வெளியே போகும். விரலை அழுத்தும்போது கை முழுவதும் இறுகி சைக்ளிக்கும் சேர்ந்து நகரும். ஹோவரில் ஹெலிகாப்டர் உடனே ஒரு பக்கம் நழுவும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு குச்சியை நிறுத்தி, முன்கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு சுட்டுவிரலை மட்டும் அசைத்துப் பேசிப் பழகுங்கள். குச்சியின் நுனி ஆடக் கூடாது.

அழுத்தியதும் அரை நொடி விட்டுப் பேசுங்கள், முடித்த பிறகு விடுங்கள். இல்லாவிட்டால் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் வெட்டுப்படும். முதல் சொல் பெரும்பாலும் டவரின் பெயர், அது போய்விட்டால் யாரைக் கூப்பிட்டீர்கள் என்றே தெரியாது. பொத்தான் மாட்டிக்கொண்டால் மொத்த அலைவரிசையும் அடைபடும். நீண்ட நேரம் யாருமே பேசவில்லையென்றால் முதலில் உங்கள் பொத்தானைப் பாருங்கள். மைக் உதட்டை ஒட்டினாற்போல் இருக்கட்டும். தள்ளி இருந்தால் ரோட்டார் சத்தம்தான் முன்னால் கேட்கும்.

எழுதுவது அடுத்த சிக்கல். வலது கை சைக்ளிக்கை விட முடியாது என்பதால் வலதுகைப் பழக்கக்காரர்கள் இடது கையால்தான் குறிக்க வேண்டும். இன்றிலிருந்தே இடது கையால் எண்கள் எழுதிப் பழகுங்கள். அழகு வேண்டாம், 1 ஒன்றாகவும் 7 ஏழாகவும் தெரிந்தால் போதும். அலைவரிசை மாற்றுவதும் இடது கைதான். ஹோவரில் இருக்கும்போது கலெக்டிவை விட்டுவிட்டு ரேடியோவைத் திருகாதீர்கள். கிளம்பும் முன்பே அடுத்த அலைவரிசையை ரேடியோவின் காத்திருப்பு ஜன்னலில் வைத்துக்கொண்டால் மேலே போய் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். டவர் அவசரப்படுத்தினால் ஸ்டாண்ட்பை என்று சொல்லிவிட்டு, ஹெலிகாப்டரை நிலைப்படுத்திய பிறகு பதில் சொல்லுங்கள்.

உயரம் குறைந்தால் குரல் எட்டாது

விஎச்எஃப் நேர்கோட்டில்தான் போகும், பூமியின் வளைவுக்கு மேல் தாண்டாது. உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23 ஆல் பெருக்கினால் எத்தனை நாட்டிக்கல் மைல் எட்டும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 500 அடியில் சுமார் 27, 1000 அடியில் சுமார் 39. எதிர்ப்பக்க ஆன்டெனா உயரத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். கோடியக்கரையிலிருந்து திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் 70 நாட்டிக்கல் மைலுக்கு மேல். அங்கே 1000 அடியில் பறந்துகொண்டு திருச்சியைக் கூப்பிட்டால் பதில் வராது. ரேடியோவில் கோளாறு இருக்க வேண்டியதில்லை. கணக்குப்படி 3500 அடிப் பக்கம் ஏற வேண்டும். ஹெலிகாப்டர் பெரும்பாலும் தாழ்வாகப் பறப்பதால் இந்தக் கணக்கைப் பயணத் திட்டத்திலேயே போட்டு, எந்த இடத்தில் தொடர்பு அறும், கடைசி அழைப்பை எங்கே கொடுப்பேன் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தேர்வு

விமானத்தில் ரேடியோவில் பேசுவதற்கான உரிமத்தின் பெயர் எஃப்ஆர்டிஓஎல். அதற்கு ஆர்டிஆர் ஏரோ என்ற ரேடியோ தேர்வில் தேற வேண்டும். இதை முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்தியது. 2025 ஜனவரி 1 அன்று பாரதிய வாயுயான் அதிநியம் 2024 என்ற விமானச் சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகு பொறுப்பு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவுக்கு மாறியது. பழைய வழிகாட்டிகளை நம்பாமல் பாடத்திட்டத்தையும் விண்ணப்ப முறையையும் டிஜிசிஏ தளத்திலேயே பாருங்கள். இதுபோக ஆங்கிலத் திறனில் ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) நிலை 4 வேண்டும். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் வானில் மோதி 349 பேர் இறந்த பிறகு வலுப்பெற்ற ஏற்பாடு அது. சொற்றொடர் மனப்பாடம் மட்டும் இதற்குப் போதாது. இன்ஜினில் என்ன சத்தம் வருகிறது, பயணிக்கு என்ன செய்கிறது என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லத் தெரிய வேண்டும். தினமும் ஒரு படத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் விவரித்துப் பழகுங்கள்.

ஆபத்தில்

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மேடே மூன்று முறை, அவசரம் ஆனால் உடனடி ஆபத்து இல்லையென்றால் பான்-பான் மூன்று முறை. பிறகு யாரைக் கூப்பிடுகிறீர்கள், உங்கள் அழைப்புக்குறி, என்ன கோளாறு, என்ன செய்யப் போகிறீர்கள், எங்கே, எந்த உயரம், எத்தனை பேர். பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் அவசர அலைவரிசை 121.5. ட்ரான்ஸ்பாண்டரில் ஆபத்துக் குறியீடு 7700.

ஹெலிகாப்டரில் இதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 500 அடியில் இன்ஜின் நின்றுவிட்டது, ஆட்டோரொட்டேஷனில் (இன்ஜின் இல்லாமல், ரோட்டார் காற்றில் சுழல இறங்குவது) நிமிடத்துக்கு 1500 அடி இறங்குகிறது என்றால் தரைக்கு 20 வினாடி. முதலில் கலெக்டிவ் கீழே போக வேண்டும், ரோட்டார் சுற்று குறையக் கூடாது. அப்புறம் இறங்கும் இடம், காற்றின் திசை, மின்கம்பி. ரேடியோ அதற்கும் பிறகுதான். இருபது வினாடியில் முழு வடிவத்தையும் சொல்ல முடியாது. அதனால் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய சின்ன மேடே ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "மேடே மேடே மேடே, விக்டர் டேங்கோ ஜூலியட் கிலோ மைக், இன்ஜின் ஃபெயிலியர், டூ மைல்ஸ் சவுத் ஆஃப் கிராண்ட் அனிகட்." இடம் போய்ச் சேர்ந்தால் தேட ஆள் வரும். அதைச் சொல்லவும் நேரமில்லையென்றால் பேசாமல் இறக்குங்கள்.

ரேடியோ போய்விட்டால்

பதில் வரவில்லை என்றதும் பதறாமல் சத்தக் குமிழ், ஹெட்செட் பிளக், அலைவரிசை இந்த மூன்றையும் பாருங்கள். பெரும்பாலும் இதில் ஒன்றுதான். முந்தைய அலைவரிசைக்குத் திரும்பி முயலுங்கள். அதுவும் இல்லையென்றால் ட்ரான்ஸ்பாண்டரில் ரேடியோ போனதற்கான 7600 போட்டு, "ட்ரான்ஸ்மிட்டிங் பிளைண்ட்" என்று தொடங்கி உங்கள் திட்டத்தை இரண்டு முறை சொல்லுங்கள். நமக்குக் கேட்காவிட்டாலும் அவர்களுக்குக் கேட்கலாம்.

டவர் அருகில் போனால் விளக்கைப் பாருங்கள். பறக்கும்போது நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், விட்டுவிட்டு எரியும் பச்சை என்றால் இறங்கத் திரும்பி வர வேண்டும், விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் நிலையம் பாதுகாப்பில்லை. தரையில் இதே நிறங்களுக்குப் பொருள் வேறு, அதைத் தனியாகப் படியுங்கள்.

வழியிலேயே அறுவடை முடிந்த காய்ந்த வயலிலோ திடலிலோ இறங்க வேண்டி வந்தால், இறங்கி ரோட்டார் நின்றதும் முதல் வேலை டவருக்குப் போன் செய்வது. வர வேண்டிய அழைப்பு வராமல் அரை மணி நேரம் ஆனால் உங்களைக் காணவில்லை என்ற முதல் கட்டம் தொடங்கிவிடும். அப்புறம் தேடுதல்தான். டவர் எண்ணையும் பயிற்சிப் பள்ளி எண்ணையும் முழங்கால் பலகையில் எழுதி வையுங்கள். போனில் மட்டும் சேமித்து, அது சார்ஜ் இல்லாமல் கிடந்தால் பயனில்லை. கூட்டம் கூடிவிடும் என்பதால் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொல்லி, வால் ரோட்டார் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.